கைவிடப்பட்ட நாயும் சட்டமும்

இந்தியச் சட்டம் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வளர்ப்பு நாய்க்கு உரிமையாளர் பொறுப்பு, தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே விழுவது கைவிடப்பட்ட நாய். ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்து, பிறகு தெருவில் இறக்கிவிடப்பட்ட நாய் அது. அப்படி விட்டுப் போவது 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் இரு நூற்றாண்டு நடவடிக்கைகளைப் பார்த்தால், அரசு தேடிப் போனது பெரும்பாலும் தெருவில் நிற்கும் நாயைத்தான். அதை அங்கே விட்டவரைத் தேடிப் போனது மிகக் குறைவு. நாய்களுக்கு நீதி கேட்ட முயற்சிகளின் வரலாறு இந்தக் கோணலைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளின் வரலாறும் ஆகும். அதன் முக்கியமான கட்டங்கள் பல சென்னையில் நடந்தவை.

கதையிலும் கல்லிலும்

நாய் நீதி கேட்டு வரும் காட்சி இந்திய இலக்கியத்துக்குப் பழையது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில், ஜனமேஜயன் வேள்வி செய்யும் இடத்துக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். குட்டி எதையும் நக்கவில்லை, எதையும் பார்க்கக்கூட இல்லை. தாய் நாயான சரமை நேரே வந்து, என் பிள்ளை செய்த தவறு என்ன என்று கேட்கிறாள். எவரும் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில், இடைச்செருகலாகக் கருதப்படும் ஒரு பகுதியில், மண்டை உடைந்த நாயொன்று இராமனின் சபைக்கு முறையிட வருகிறது. அடித்த பிராமணன் வரவழைக்கப்பட்டு, பசிக் கோபத்தில் அடித்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். என்ன தண்டனை தரலாம் என்பதையும் நாயிடமே கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நாயின் கடமையுணர்வு கல்லிலேயே பதிவாகியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயர் கல்லில் வெட்டப்பட்டு ஆயிரத்து நானூறு ஆண்டு நிலைத்திருப்பது அரிது. ஆனால் இந்த மதிப்பு வேலை செய்த நாய்க்கு, அதன் எசமானனோடு சேர்த்துக் கிடைத்தது. எசமானன் இல்லாத நாயைப் பற்றிய விதிகள் நகரங்கள் பெருத்த பிறகே எழுதப்பட்டன.

பம்பாயில் எட்டணா

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பம்பாயில், கோடை மாதங்களில் தெருநாய்களைக் கொல்லலாம் என்ற விதி 1813-இல் வந்தது. கொன்ற ஒவ்வொரு நாய்க்கும் காவலர்களுக்கு எட்டணா கொடுத்தார்கள். பணம் கிடைக்கும் என்பதால், வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களும் அடிபட்டன. 1832-இல் கொல்லும் காலத்தை நீட்டித்தபோது நகரம் கொதித்தது. ஜூன் 6 அன்று பார்சிகள் கடைகளை அடைத்துத் தெருவுக்கு வந்தார்கள். இறந்தவர் உடலை நாய் ஒன்று பார்க்கும்படி செய்வது அவர்களின் இறுதிச் சடங்கில் ஒரு பகுதி. நாயைக் கொல்வது அவர்கள் சமயத்தையே தொட்டது. இந்துக்களும் சமணர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்ள, கோட்டைப் பகுதி முடங்கியது. படை வந்து கலகத்தை அடக்கியது.

இந்தக் கலகத்திலிருந்து நிலையான ஓர் ஏற்பாடு பிறந்தது. வணிகர் ஜாம்செட்ஜி ஜீஜீபாயும் சமணப் பெருவணிகர் குடும்பமொன்றும் முன்னின்று, 1834-இல் பம்பாய்ப் பாஞ்சராப்போல் என்ற விலங்குக் காப்பகத்தை நிறுவினார்கள். பிடித்த நாய்களைக் கொல்லாமல் ஓரிடத்தில் வைத்து உணவிடுவது அதன் நோக்கங்களில் ஒன்று. கொல்வதா காப்பதா என்ற வாதம், காப்பதென்றால் எங்கே, யார் செலவில் என்ற கேள்வியாக மாறியது அங்கேதான்.

வதைத் தடுப்பு என்ற கருத்து

அதே காலத்தில் இங்கிலாந்தில், விலங்கை வதைப்பது தனியான குற்றம் என்ற கருத்து சட்டமாகிக்கொண்டிருந்தது. 1822-இல் வந்த முதல் சட்டம் மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றைத்தான் காத்தது. நாய் அதில் இல்லை. 1835-இல் வந்த சட்டம் நாயையும் சேர்த்து, நாய்ச்சண்டையையும் தடைசெய்தது. 1860-இல் மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டனின் ஹாலோவே பகுதியில், தொலைந்தும் பட்டினியாகவும் திரியும் நாய்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். தெருநாய்க்கு விடுதியா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1871-இல் அது பாட்டர்சீக்கு இடம் மாறி, இன்றும் அங்கேயே இயங்குகிறது.

இந்தியாவில் முதல் வதைத் தடுப்புச் சங்கத்தை 1861-இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் தொடங்கினார். சென்னையிலும் அத்தகைய சங்கம் எழுந்து, வேப்பேரியில் நிலைகொண்டது. இச்சங்கங்களின் கவனம் பெரும்பாலும் வண்டிமாடுகள், ஜட்கா குதிரைகள் மீதே இருந்தது. புண்பட்ட கழுத்தோடு பாரம் இழுக்கும் மாட்டுக்கு உரிமையாளர் யார் என்று உடனே தெரியும். வழக்குப் போடுவதும் எளிது. 1890-இல் இந்தியா முழுவதற்கும் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டமும், பொது இடத்தில் விலங்கை அடிப்பதையும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதையும்தான் முதன்மையாகக் குறிவைத்தது.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் விலங்கைக் கொல்வதைச் சொத்துச் சேதமாகப் பார்த்தது. பத்து ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள விலங்கைக் கொன்றால், ஊனப்படுத்தினால், நஞ்சு வைத்தால் தண்டனை உண்டு. நாய்க்கு என்ன விலை, அது யாருடைய சொத்து என்பவை அங்கே முதல் கேள்விகள். எவரும் சொந்தம் கொண்டாடாத நாய் அந்தச் சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது.

வெறிநாய்க்கடியும் குன்னூரும்

நாய்களைக் கொல்வதற்கு அரசுகள் சொன்ன காரணங்களில் வலுவானது வெறிநாய்க்கடி. நோய் முற்றிவிட்டால் பிழைப்பவர் ஏறக்குறைய இல்லை. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் தடுப்பூசியால் ஒரு சிறுவனைக் காப்பாற்றிய பிறகு, உலகெங்கும் அவர் பெயரில் நிலையங்கள் எழுந்தன. இந்தியாவில் முதலாவது 1900-இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் தொடங்கப்பட்டது. 1902-இல் தென்னிந்தியாவில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தார். தெற்கில் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் அதன்பின் உரத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையின் துணையோடு, 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

குன்னூரின் பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பேச்சு தமிழ்நாட்டில் பல தலைமுறைக்கு நாய் பயத்தின் மறுபெயராக இருந்தது. 2004-இன் இறுதியில் இந்தியா அந்த வகை மருந்தை நிறுத்தி, கையிலேயே போடும் பாதுகாப்பான ஊசிக்கு மாறியது. மனிதருக்கு ஊசி கிடைத்தது. அதே நோய் வராமல் தெருநாய்க்கும் ஊசி போடலாம் என்ற எண்ணம் நகராட்சிகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. அதுவரை தெரிந்த ஒரே வழி கொல்வது.

மெட்ராஸின் நாய் வண்டி

நகராட்சிச் சட்டங்கள், உரிமம் இல்லாமல் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்ல அதிகாரம் தந்தன. கழுத்தில் உரிம வில்லை தொங்கும் நாய் தப்பும், மற்றவை வண்டியில் ஏறும். நாய் வண்டி தெருமுனையில் வந்தாலே, பிள்ளைகள் தங்கள் வீட்டு நாயையும் தெருவில் சோறு போடும் நாயையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். கம்பிச் சுருக்கால் கழுத்தை மாட்டி இழுத்து வண்டிக்குள் வீசுவது பிடிப்பவர்களின் முறை. பிடித்த நாய்கள் பேசின் பிரிட்ஜ் பக்கத்து நாய்க் கொட்டடிக்குப் போய், மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன.

மெட்ராஸ் மாநகராட்சி இந்த வேலையை 1860-இல் தொடங்கியதாகச் சென்னையின் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸைச் சேர்ந்தவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் தரும் கணக்குப்படி, தொடக்கத்தில் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு நாய்க்கும் குறைவாகவே கொல்லப்பட்டது. 1996 வாக்கில் அது நாளுக்கு 135 ஆக உயர்ந்திருந்தது. 1970-களில் இவ்வளவு நாய்த்தோல் வீணாகிறதே என்று, அதில் கழுத்து டையும் பணப்பையும் செய்யலாமா என மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் முயன்று பார்க்கும் அளவுக்குக் கொலை நடந்தது என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் நீங்கவில்லை.

காரணம் நாயின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. நாய் சினைப்பட்டு இரண்டு மாதத்தில் குட்டி போடும், ஓர் ஈற்றில் நான்கு, ஐந்து குட்டிகள் சாதாரணம். ஒவ்வொரு தெருவிலும் இறைச்சிக்கடைக் கழிவு, உணவகக் குப்பை, வீட்டு மிச்சம் எவ்வளவு உண்டோ அந்த அளவுக்கு நாய்கள் அங்கே தங்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் இரை மிஞ்சி, இடம் காலியாகி, பக்கத்துத் தெரு நாய்கள் நுழையும். புதிதாக வந்தவை ஊசி போடாதவை, இடத்துக்காகச் சண்டையிடுபவை. கடி அதிகமாகுமே தவிரக் குறையாது. நாய்களை அப்புறப்படுத்துவதால் அவற்றின் எண்ணிக்கையோ வெறிநோய்ப் பரவலோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992-இல் முடிவு சொன்னது.

1960-ஆம் ஆண்டுச் சட்டம்

மாநிலங்களவைக்கு 1952-இல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளுக்காகப் புதிய சட்டம் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக வந்ததே 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. ருக்மிணி தேவி அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவுக்கு மாறும்வரை சென்னையிலேயே இருந்தது.

சட்டத்தின் 11-ஆம் பிரிவு எவையெல்லாம் வதை என்று பட்டியலிடுகிறது. உரிமையாளர் போதிய உணவு, தண்ணீர், தங்குமிடம் தராமல் இருப்பது வதை. எப்போதும் சங்கிலியில் கட்டிவைத்த நாயை உலவவிடாமல் புறக்கணிப்பதும் வதை. தக்க காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் விலங்கைக் கைவிடுவதும், நோயுற்ற தன் விலங்கைத் தெருவில் சாகவிடுவதும் வதையே. அடித்தால்தான் குற்றம் என்றிருந்த பொதுப் புரிதலுக்கு இது பெரிய மாற்றம். செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் குற்றம் என்று சட்டம் எழுத்தில் சொன்னது. அதே 1960-இல் பிரிட்டனும் விலங்குகளைக் கைவிடுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இயற்றியது.

ஆனால் அதே 11-ஆம் பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு இருக்கிறது. தெருநாய்களைக் கொலைக் கூடத்திலோ வகுத்துரைத்த வேறு முறையிலோ அழிப்பது வதை ஆகாது. ஒருவர் தன் நாயைத் தெருவில் விட்டால் அவர் குற்றவாளி. விடப்பட்ட நாயை மாநகராட்சி பிடித்துக் கொன்றால் குற்றமில்லை. நடைமுறையில் முன்னவர் பிடிபட்டது மிக அரிது, பின்னது தினமும் நடந்தது.

புளூ கிராஸும் கருத்தடையும்

1959-இல் சென்னையில் பெருமழை. விமானியான கேப்டன் வி. சுந்தரம், தியாகராயநகரில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் விமானிகளில் ஒருவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் பிள்ளைகளும் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் தொடங்கிய வேலை வளர்ந்து இந்தியப் புளூ கிராஸ் ஆனது. 1964-இல் அது முறையான அமைப்பாகப் பதிவானது.

பிடிப்பதையும் கொல்வதையும் விட்டுவிட்டு, கருத்தடை அறுவையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து அதே தெருவில் விடலாம் என்று புளூ கிராஸ் 1964-இலேயே மாநகராட்சியிடம் சொன்னது. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா இந்தக் கோரிக்கையைப் பல பத்தாண்டுகள் விடாமல் எடுத்துச் சென்றார். மாநகராட்சி 1995-இல் தென்சென்னையின் ஒரு பகுதியில் முயன்று பார்க்க இசைந்தது. மறு ஆண்டு திட்டம் நகரம் முழுவதற்கும் விரிந்து, கொலை நின்றது. ஜெய்ப்பூரில் ஒரு விலங்கு நல அமைப்பு 1994-இல் இதே வேலையைத் தொடங்கியிருந்தது. பெண் நாய்களில் 65 விழுக்காட்டுக்கு அறுவையும் ஊசியும் முடிந்தபோது, அங்கே நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்ததையும் திட்டப் பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவது நின்றதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இந்த அனுபவங்களை ஒட்டி, 2001 டிசம்பரில் நடுவண் அரசு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. தெருநாயைக் கொல்லும் பழைய வழக்கம் நாடு முழுவதும் சட்டத்துக்குப் புறம்பானது. விதிகள் சொன்ன முறை இது. நாயைத் துன்புறுத்தாத முறையில் பிடிக்க வேண்டும். எந்தத் தெருவில், எந்த இடத்தில் பிடித்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பிறகு சில நாள் கூண்டில் வைத்துப் புண் ஆறியதும், தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறிய வெட்டு போடுவார்கள். தெருவில் படுத்திருக்கும் நாயின் காது முனை மழுங்கியிருந்தால், அதற்கு அறுவை முடிந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரியும். சென்னையில் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி ஆகிய இடங்களில் மாநகராட்சி இதற்கென மையங்கள் நடத்துகிறது.

திட்டத்தின் பலவீனம் அதன் கணக்கில் இருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் குறுகிய காலத்தில் ஊசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும். ஆண்டு முழுவதும் நகரமெங்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்தால், பிறக்கும் குட்டிகள் அறுவைகளை முந்திவிடும். மருத்துவர், வண்டி, கூண்டு, பணம் எல்லாவற்றிலும் பற்றாக்குறை உள்ள நகராட்சிகளில் நடந்தது இதுதான். 2019-இன் கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 1.53 கோடித் தெருநாய்கள் இருப்பதாகச் சொன்னது. வெறிநோயால் ஆண்டுதோறும் சுமார் 5,700 பேர் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைய ஆய்வு மதிப்பிட்டது. கடிபட்டவர்களில் குழந்தைகள் கணிசமாக இருந்ததால், எதிர்க்குரலும் நியாயத்தோடே எழுந்தது.

பிற நாடுகளும் இதே பாதையை வெவ்வேறு விதமாகக் கடந்தன. இஸ்தான்புல்லில் 1910-இல் பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, கடலில் உள்ள வறண்ட தீவொன்றில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பசியாலும் தாகத்தாலும் மாண்டன. இலங்கை 2006-இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியது. பூடான் 2023-இல் நாட்டின் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்து முடித்ததாக அறிவித்தது.

நாய் எப்படித் தெருவுக்கு வருகிறது

கருத்தடை விதிகள் தெருவில் பிறக்கும் குட்டிகளைக் குறைக்கும். வீட்டிலிருந்து வந்து சேரும் நாய்களை அவை தடுப்பதில்லை. 1990-களுக்குப் பின் நகரங்களில் அயல்நாட்டு இன நாய்களுக்கான சந்தை பெருத்தது. 2003-இல் ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய், வீட்டுக்கு வீடு வேண்டிய பொருளானது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பழக்கிய ஹஸ்கிகூடச் சென்னை வெயிலில் விற்பனைக்கு வந்தது. இணையத்திலும் பறவைச் சந்தைகளிலும் குட்டி விற்றவர்கள், அது வளர்ந்தால் எவ்வளவு தின்னும், என்ன நோய் வரும் என்று சொல்வதில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற நாட்டு நாய்களுக்கும் இதே கதிதான். ஓட வயலும் காட்டோரமும் வேண்டிய வேட்டை நாயை அடுக்குமாடி வீட்டுக்குள் அடைத்தால், அது கதவைப் பிறாண்டும், குரைக்கும். பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள்.

கைவிடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. வாடகை வீடு மாறுவது, வெளிநாட்டு வேலை, பிரசவம், மருத்துவச் செலவு, தோல் நோய், முதுமை. இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெண் நாய் ஈன முடியாமல் போனாலும் தெருதான். கைவிடும் இடமும் யோசித்துத் தேர்ந்ததாக இருக்கும். வீட்டுக்குத் திரும்ப வழி தெரியக்கூடாது என்று, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிப் பக்கமோ கடற்கரைச் சாலையிலோ விடுவார்கள். சிலர் இரவில் விலங்குக் காப்பகத்தின் கேட்டில் கட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படி விடப்பட்ட நாயைத் தெருநாயிலிருந்து பிரித்தறிவது எளிது. கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் மயிர் தேய்ந்து வளையமாகத் தெரியும். கார் நின்றால் ஓடிப்போய் கதவருகே நிற்கும். முதல் சில நாள், விட்ட இடத்தை விட்டு நகராது. குப்பையில் எது தின்னத் தக்கது என்று அதற்குத் தெரியாது. தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் வந்த அந்நியனைச் சூழ்ந்து கடிக்கும். சாலையைக் கடக்கும் பழக்கமும் இல்லாததால், பல நாய்கள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. வணிக நோக்கில் நாய்களை இறக்குமதி செய்வதற்கு 2016-இல் தடை வந்தது. 2017-இன் நாய் இனப்பெருக்க விதிகள், நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றன. 2018-இன் விதிகள் வளர்ப்புப் பிராணிக் கடைகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தன.

ஐம்பது ரூபாய் அபராதம்

நாயைக் கைவிட்டவர் மீது வழக்கு நடத்துவது எவ்வளவு கடினம் என்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்தாலே விளங்கும். 11-ஆம் பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அப்போது அரசு ஊழியருக்கும் பெரிய தொகையாக இருந்த ஐம்பது ரூபாய், இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதாது. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் பிறகு தொடுக்க முடியாது. கைவிடுதல் போலீசார் தாமாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்ற வகையில் சேராது. நீதித்துறை நடுவரின் அனுமதி பெற்றுத்தான் விசாரிக்க முடியும். அதனால் புகார் தருபவர்கள் கொலை, ஊனம், நஞ்சு பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவையும் சேர்த்து எழுதுவது வழக்கமாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதா அந்தப் பிரிவில் விலங்கின் விலை பற்றிய நிபந்தனையை நீக்கி, ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்தது. ஆனால் கைவிடுவதும் பட்டினி போடுவதும் அதில் அடங்கவில்லை.

2016-இல் சென்னை அருகே மருத்துவ மாணவர் ஒருவர் மாடியிலிருந்து நாயைத் தூக்கி எறிவதும், இன்னொருவர் அதைப் படம் பிடிப்பதுமான காணொளி நாடெங்கும் பரவியது. நாய் எலும்பு முறிவோடு பிழைத்தது. மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த மாணவர்கள் ஒவ்வொருவரும் விலங்கு நல வாரியத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. முதல் குற்றத்துக்கு வதைச் சட்டம் தரக்கூடிய அதிகபட்ச அபராதத்தைப் போல் நாலாயிரம் மடங்கு அது. ஐம்பது ரூபாய் அபராதத்தை மாற்றக் கோரும் இயக்கம் இதற்குப் பின் வலுத்தது. 2022-இல் நடுவண் அரசு அபராதத்தையும் தண்டனையையும் கூட்டும் திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அது அப்போது சட்டமாகவில்லை.

நீதிமன்றங்களில்

2014 மே மாதம், ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களை ஏற்றுக்கொண்டது. பசி, தாகம், வலி, அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக நடந்துகொள்ளும் உரிமையும் அவற்றில் அடங்கும். உயிர்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என்ற அரசியலமைப்பின் 51-அ பிரிவையும் அந்தத் தீர்ப்பு முன்வைத்தது. தெருநாய் வழக்குகளில் இந்த வாதம் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. மறுபக்கம், கேரளத்தில் நாய்க்கடிக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் 2016-இல் உச்ச நீதிமன்றமே குழு அமைத்தது. 2023-இன் புதிய இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் சமுதாய விலங்கு என்று வகைப்படுத்தி, உணவிடும் இடங்களைக் குடியிருப்போர் சங்கங்கள் முடிவு செய்ய வேண்டும் என்றன.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வைக்கவும், மீண்டும் தெருவில் விடாதிருக்கவும் உத்தரவிட்டது. அவ்வளவு நாய்களுக்குக் காப்பகம் எங்கே என்ற கேள்வி உடனே எழுந்தது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்தில் விடலாம். தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். வழக்கு எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றி, அதே இடத்தில் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த உத்தரவுகளின் வாதம் பெரும்பாலும் நாய் எங்கே இருக்கலாம் என்பதைச் சுற்றியது. அதை வளர்த்து விட்டவரின் பொறுப்பை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை உள்ளாட்சிகளின் பதிவேட்டில்தான் தொடங்க முடியும். 2025-இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அறிவித்தது. தோலுக்கடியில் பொருத்தும் அந்தச் சிப்பை வாசித்தால் நாயின் எண் தெரியும், எண்ணோடு உரிமையாளரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இருக்கும். சுங்கச்சாவடியில் நிற்கும் நாய் யாருடையது என்று கண்டுபிடிக்க 1960-இல் வழி இருக்கவில்லை. பதிவு முழுமையாக நடந்து, மூன்று மாதக் காலவரம்பும் ஐம்பது ரூபாய் அபராதமும் திருத்தப்பட்டால், கைவிடுதலைக் குற்றம் என்று சொன்ன பழைய பிரிவுக்கு முதன்முறையாகக் குற்றவாளியின் பெயர் கிடைக்கும்.